கச்சான் பக்கற்றுக்கு யார் வசனம் எழுதுவது?

முறிகண்டியில் பஸ் நின்றால் இரண்டு வேலை நடக்கும். முதலில் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, அப்புறம் கச்சான், அதாவது வறுத்த நிலக்கடலை. ஏ9 வீதியால் போய்வருகிற எவருக்கும் இது தெரியும். அந்தக் கடைகளில் யாரும் வசனம் பேசி விற்பதில்லை. கச்சானைச் சூட்டோடு குவித்து வைத்திருப்பார்கள். கிட்டப் போனால் ஒரு பிடி அள்ளிக் கையில் வைப்பார்கள். கோதை உடைக்கும்போதே வாங்குவதா இல்லையா என்று முடிவாகிவிடும்.

போனில் விற்கப் போனால் அந்த ஒரு பிடியைக் கொடுக்க வழியில்லை. அதன் இடத்தைச் சொல்தான் நிரப்ப வேண்டும். வன்னியில் இப்போது நிறையப் பேர் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். புதுக்குடியிருப்புப் பக்கம் கச்சானும் கச்சான் அல்வாவும் செய்பவர்கள், பூநகரியில் மொட்டைக்கறுப்பன் அரிசியைப் பக்கற் போடுபவர்கள், நல்லெண்ணெய் போத்தலில் அடைப்பவர்கள், ஒடியல் மா, கருவாடு, மிளகாய்த்தூள் செய்பவர்கள். முகநூல் பக்கம் இருக்கிறது, வட்ஸ்அப் எண் இருக்கிறது, நல்ல சாமானும் இருக்கிறது. அதைப் பற்றி என்ன எழுதுவது என்பதில்தான் கை நின்றுவிடுகிறது.

முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு சிறிய பெண்கள் குழுவுக்கு லேபல், பதிவு, ஓடர் கணக்கு என்று நான் உதவி செய்து வருகிறேன். அங்கே அடிக்கடி கேட்கிற கேள்வி இதுதான்: "தம்பி, உந்த ஏஐயில போட்டு ரெண்டு வரி எடுத்துத் தாருமன்." எடுத்துக் கொடுத்தும் பார்த்தோம், கொடுக்காமலும் பார்த்தோம். நாங்களே எழுதினோம், காசு கொடுத்து எழுதுவித்தோம், ஏஐயிடம் முழுதாக விட்டோம். கடைசியில், வாயால் சொன்னதை ஏஐயைக் கொண்டு ஒழுங்குபடுத்தினோம். இந்த நான்கில் எது எப்படி என்று, இதே முடிவை எடுக்க நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். என் தெரிவு நான்காவது. ஆனால் எல்லாருக்கும் எப்போதும் அதுதான் என்று சொல்ல மாட்டேன்.

தானே எழுதுவதிலிருந்து தொடங்குவோம். எங்கள் பக்கத்தில் நன்றாக ஓடிய ஒரு பதிவு, குழுவில் ஒரு அக்கா யாரிடமும் கேட்காமல் போட்டது. "இண்டைக்கு மழை. கச்சான் காயேல்ல. நாளைக்கு வெயில் வந்தால்தான் வறுப்பம். ஓடர் தந்தவை குறை நினைக்காதேங்கோ." இவ்வளவுதான். அதற்குக் கீழே புதிதாக ஓடர்கள் வந்தன. காயாத கச்சானை அவசரத்துக்கு வறுத்து அனுப்பமாட்டார்கள் என்று படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. "தரமானது" என்று நூறு தடவை எழுதினாலும் அந்த நம்பிக்கை வராது.

ஆனால் எல்லா நாளும் மழை பெய்யாது. சாதாரண நாளில் அதே அக்காவிடம் ஒரு பதிவு எழுதச் சொன்னால் அரை மணித்தியாலம் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார். எழுத்துப் பிழை விட்டால் பிள்ளைகள் சிரிக்குமோ என்ற கூச்சம் வேறு. பள்ளிக்கூடப் படிப்பு இடையில் நின்றுபோன தலைமுறை அது. இடப்பெயர்வும் முகாமுமாகப் போன ஆண்டுகளை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. வாயைத் திறந்தால் அருவி மாதிரிப் பேசுகிறவர்கள் எழுத்தென்றதும் சுருங்கிப்போவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். அதோடு கொழும்பில் உள்ள சிங்கள வாடிக்கையாளருக்கும், தமிழ் வாசிக்கத் தெரியாத ரொறன்ரோப் பிள்ளைகளுக்கும் எழுத வேண்டும் என்றால் தானே எழுதுவது அங்கேயே நின்றுவிடும்.

காசு கொடுத்து எழுதுவிப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நல்ல ஆள் கிடைத்தால் நல்லது. நேரில் வந்து, தாச்சிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதுகிற ஒருவர் கிடைத்தால் இந்தக் கட்டுரையையே நீங்கள் படிக்க வேண்டாம். நாங்கள் பிடித்த ஆள் நகரத்தில் இருந்தபடி படத்தைக் கேட்டார், விலையைக் கேட்டார், அடுத்த நாள் அனுப்பிவிட்டார். வந்ததை வாசித்தபோது எந்த ஊர்ச் சாமானுக்கும் ஒட்டக்கூடிய வசனமாக இருந்தது. அவரும் ஏஐயிடம்தான் கேட்டிருப்பார் என்று எனக்கு ஒரு எண்ணம்.

இனி ஏஐயிடம் முழுவதையும் விடுகிற வழி. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்தது. அதற்குப் பிறகு ஜெமினி, குளோட் என்று வரிசையாக வந்தன, எல்லாவற்றிலும் இலவசமாகவே தமிழில் கேட்கலாம். தொடக்கத்தில் தமிழ் மிகவும் தடக்கியது. இந்தக் கருவிகள் எழுத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்துத்தான் வாசிக்கும். ஆங்கிலத்தை விடத் தமிழுக்குத் துண்டுகள் பல மடங்கு தேவைப்பட்டன. 2024 மே மாதம் சாட்ஜிபிடிக்குள் ஜிபிடி-4ஓ என்ற புதிய பதிப்பு வந்தபோது, முன்பு 116 துண்டாக உடைந்த ஒரு தமிழ் மாதிரி வசனம் 35 துண்டுக்குள் அடங்குவதாக அதைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனம் காட்டியது. வேகம் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது இலக்கணப் பிழை குறைவு. வசனம் வழுவழுப்பாக வரும். சிக்கல் அந்த வழுவழுப்பில்தான்.

ஒரு செயலியிடம் "முல்லைத்தீவில் செய்யும் வறுத்த கச்சானுக்கு ஒரு விளம்பரம் எழுது" என்று கேட்டோம். வந்தது இது: "இயற்கையின் மடியில் விளைந்த, பாரம்பரியச் சுவை மாறாத, இரசாயனமற்ற எங்கள் வேர்க்கடலை! ஒவ்வொரு கடியிலும் ஆரோக்கியம்! இன்றே ஆர்டர் செய்யுங்கள்!"

சொல்லிலிருந்து பார்ப்போம். நாங்கள் கேட்டது கச்சான், வந்தது வேர்க்கடலை. இணையத்தில் உள்ள தமிழ் பெரும்பாலும் தமிழ்நாட்டில் எழுதப்பட்டது, அதனால் கருவியின் வாயிலும் அந்தச் சொல்தான் முதலில் வரும். பழைய அகராதியில் போய்த் தேடினால் கச்சான் என்பதற்கு மேல்காற்று என்றே பொருள் கிடைக்கும். அதுவும் பிழையில்லை, கச்சான் காத்தை வன்னியில் தெரியாதவர் யார்? ஆனால் லண்டனில் குளிருக்குள் வேலை முடிந்து பஸ்சில் போகிற ஒருவருக்கு "கச்சான்" என்ற நான்கெழுத்து முறிகண்டியையே கொண்டுவந்து நிறுத்தும். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்த் திரும்பும்போது மடியில் கட்டிக்கொண்டு வந்த பொட்டலம் நினைவுக்கு வரும். "வேர்க்கடலை" என்றால் அவருக்கு அது சூப்பர்மார்க்கெட் தட்டில் உள்ள ஒரு பக்கற். விற்கிற சொல்லை எடுத்துவிட்டு விற்காத சொல்லைப் போட்டுத் தந்தது கருவி.

மொட்டைக்கறுப்பனுக்கு இதைவிட மோசம். பெயரில் கறுப்பு இருக்கிறது என்று, தமிழ்நாட்டின் கறுப்புக் கவுனி அரிசியோடு குழப்பிக் "கருநிறத் தானியம்" என்று எழுதிவிட்டது. மொட்டைக்கறுப்பன் சிவப்பு அரிசி. பூநகரியில் மழையை நம்பி விதைக்கிறவர்களிடம் அந்தப் பதிவைக் காட்டினால் என்ன சொல்வார்கள்? தெரியாத ஒருவர் கறுப்பு அரிசி என்று நம்பி வாங்கிப் பக்கற்றைப் பிரித்தால் என்ன நினைப்பார்?

அடுத்தது "இரசாயனமற்ற". நாங்கள் அதைச் சொல்லவே இல்லை. எங்களுக்குக் கச்சான் தருகிற தோட்டங்களில் சிலர் உரம் போடுகிறார்கள், சிலர் போடுவதில்லை. உரம் போட்ட கச்சானை விற்பது பிழையில்லை. போட்டதைப் போடவில்லை என்று சொல்வதுதான் பிழை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், வாங்குபவரைப் பிழையாக வழிநடத்தும் நடத்தையை வியாபாரிக்குத் தடை செய்கிறது. உணவென்றால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் அதன் கீழுள்ள ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. நோயைத் தீர்க்கும் என்று லேபலில் எழுத முடியாது. "சர்க்கரை வியாதிக்கு மருந்து" என்று கருவி எழுதித் தந்ததை அப்படியே ஒட்டினால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் அரிசியைப் பக்கற் போட்டவர்தான். "ஏஐ சொன்னது" என்று அவரிடம் சொல்ல முடியாது.

வாடிக்கையாளர் கருத்து என்று நான்கு கேட்டால் நான்கையும் எழுதித் தரும். "அம்மாவின் கைமணம்! — ஒரு வாடிக்கையாளர், ரொறன்ரோ." அப்படி ஒருவர் இல்லை. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ரொறன்ரோவில் இருப்பவர்கள் எங்கள் சனம்தான். ஒருவருக்கு ஒருவர் போன் எடுத்து "நீயா எழுதினது?" என்று கேட்கக்கூடிய சனம்.

எனக்கு மனம் நொந்த இடம் வேறு. "முல்லைத்தீவு", "பெண்கள் குழு" என்ற இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். போரின் வடு, கண்ணீர், சாம்பலிலிருந்து எழுந்த கைகள் என்று வரத் தொடங்கும். ஒரு தடவை அப்படி வந்ததை, சரி, கேட்டுப் பார்ப்போம் என்று குழுவுக்கு வாசித்துக் காட்டினேன். "கணவனை இழந்து, நம்பிக்கையை இழக்காத இந்தத் தாய்மார்" என்று ஒரு வரி. ஒன்பது பேரில் எல்லாரும் கணவனை இழந்தவர்கள் இல்லை. ஒருவருடைய கணவர் அப்போது முற்றத்தில் விறகு கொத்திக்கொண்டிருந்தார். உண்மையில் இழந்தவர் சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நான் ஆரிட்டையும் கை நீட்டேல்ல. கச்சான்தான் விக்கிறன்."

அதற்குப் பிறகு அந்த மாதிரி வரி எங்கள் பக்கத்தில் வந்ததில்லை. 2009இல் நடந்ததை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்ல விரும்புகிறவர் தன் வாயால், தான் விரும்பிய அளவுக்குச் சொல்லலாம். அதைக் கேட்டு ஒருவர் ஒரு பக்கற் கூட வாங்கினால் அதில் தப்பும் இல்லை. ஆனால் ஒருவருடைய இழப்பை அவரைக் கேட்காமல் ஒரு கருவி ஊகித்து எழுதுவதும், அதை நாம் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுவதும் நடக்கக் கூடாது. இரக்கத்தில் வாங்குகிறவர் ஒரு தடவை வாங்குவார். சுவைக்கு வாங்குகிறவர் அடுத்த மாதமும் வருவார். வியாபாரக் கணக்கிலும் இதுதான் சரி.

இதனால் ஏஐயைத் தூக்கி எறிந்தோமா என்றால் இல்லை. வேலையை மாற்றிக் கொடுத்தோம்.

முதலில் எழுதச் சொல்வதை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்கச் சொன்னோம். "எனக்கு விளம்பரம் எழுதாதே. நீ வெளிநாட்டில் இருந்து முதல் தடவை வாங்க யோசிக்கிற ஒருவர். வாங்க முன்னர் என்னிடம் என்னென்ன கேட்பாய்? பத்துக் கேள்வி கேள்." வந்த கேள்விகளில் பாதி சாதாரணம். ஆனால் ஒன்று எங்களை நிறுத்தியது: மணலில் வறுத்தால் கோதில் மணல் ஒட்டியிருக்குமா? எங்களுக்கு அது கேள்வியாகவே தோன்றியதில்லை, சின்ன வயதிலிருந்து ஊதிவிட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பொதி பிரிக்கும் தாய்க்கு அது முதல் கேள்வி. இன்னொன்று, எத்தனை நாள் மொறுமொறுப்பாக இருக்கும் என்பது. அதற்குச் சரியான பதில் எங்களிடமே இருக்கவில்லை. பக்கற்றுகளைக் கட்டி வைத்து, வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்துச் சாப்பிட்டுப் பார்த்துத்தான் எழுதினோம்.

பிறகு அந்தக் கேள்விகளை ஒரு அம்மாவிடம் கேட்டு, அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்தோம். கூகுளின் குரல் உள்ளீட்டில் "தமிழ் (இலங்கை)" என்று தனியாக ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டுப் பேசினால் ஓரளவு எழுத்தாகிவிடும், விட்ட இடத்தைக் கையால் திருத்தலாம். அம்மா சொன்னது இப்படி:

"கச்சான உப்புத் தண்ணியில நனைச்சு ஒரு நாள் வெயிலில காயவிட்டிட்டுத்தான் வறுக்கிறது. மணல் நல்லாச் சுட வேணும். சூடு குறைஞ்சா உள்ள பச்சை, கூடினா கோது கறுத்துப்போம். நான் கண்ணால பாக்கிறேல்ல, காதாலதான் பாக்கிறது. சடசடப்பு ஓயேக்க இறக்கிப்போடுவன். இறக்கின உடன சலிக்க வேணும், மணலுக்க கிடந்தா வெந்துகொண்டே இருக்கும் எல்லே."

காதால் பார்க்கிறது! எத்தனை ஏஐயிடம் எத்தனை தடவை கேட்டாலும் இந்த வரி வராது. முப்பது வருடம் தாச்சிக்கு முன்னால் இருந்தவர் வாயில்தான் வரும். இதைக் கருவியிடம் கொடுத்து, கூடவே கட்டளையும் கொடுத்தோம்: இந்தப் பேச்சில் இல்லாத எந்தச் செய்தியையும் சேர்க்காதே, கச்சான், கோது என்ற சொற்களை மாற்றாதே, அடைமொழி வேண்டாம், ஐம்பது சொல்லுக்குள் எழுத்துத் தமிழில் தா, விளங்காத இடத்தில் ஊகிக்காமல் என்னிடம் கேள். இரண்டு தடவை திருப்பி அனுப்பிய பிறகு வந்தது:

"கச்சானை உப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரு நாள் வெயிலில் காயவிட்டு, சுடுமணலில் வறுக்கிறோம். எப்போது இறக்குவது என்பதைக் காதால்தான் பார்ப்போம்: சடசடப்பு ஓய வேண்டும். இறக்கியதும் சலித்துவிடுவோம். மணலில் கிடந்தால் வெந்துகொண்டே இருக்கும். வியாழன் வறுத்தது, வெள்ளி அனுப்புவோம்."

கடைசி வசனம் நாங்கள் சேர்த்தது. மற்றதெல்லாம் அம்மாவுடையது, கருவி கூட்டித் துடைத்துத் தந்தது, அவ்வளவுதான். முந்தைய "இயற்கையின் மடியில்" பதிவோடு இதை வைத்துப் பார்த்தால் எது ஒரு பிடி கச்சானைக் கையில் வைக்கிறது என்று நான் விளக்கத் தேவையில்லை.

மொழிபெயர்ப்பில் ஏஐக்கு நான் இன்னும் அதிக இடம் கொடுப்பேன். ஆங்கிலத்துக்கு இப்போது நன்றாகவே மாற்றுகிறது. சிங்களத்துக்கும் பரவாயில்லை, ஆனால் சிங்களம் பேசுகிற ஒருவரிடம் காட்டாமல் போட வேண்டாம். சிங்களத்தில் கச்சானுக்கு ரட்டகஜு என்ற பெயர் இருக்கிறது. அது சரியாக வந்ததா, வாங்குபவரை அழைக்கிற விதம் மரியாதையாக இருக்கிறதா என்று அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். எங்களுக்கு அப்படிச் சரிபார்த்துத் தருபவர் யாழ்ப்பாணம் போகும் வழியில் முறிகண்டியில் கச்சான் வாங்கிப் பழகிய ஒரு சிங்கள வாடிக்கையாளர். அவர் ஆங்கிலப் பதிவிலும் கச்சான் என்ற சொல்லை அப்படியே விடச் சொன்னார். விட்டோம்.

படம் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. ஏஐ வரைந்த படம் வேண்டாம். பித்தளைப் பானையும் பட்டுச் சேலையுமாக யாரோ ஒரு பெண்ணை வரைந்து தரும். எங்கள் அடுப்படியில் இருப்பது கரிபிடித்த தாச்சியும் தகரச் சல்லடையும். காலை வெயிலில் வாசற்பக்கம் வைத்துப் போனில் எடுத்த படம் போதும்.

செலவைப் பார்த்தால், நாங்கள் செய்கிற அளவுக்கு இலவசச் சேவை போதும். மாதம் 20 டொலர் கட்டுகிற திட்டங்கள் இருக்கின்றன, எங்கள் காசில் ஏறக்குறைய 6,000 ரூபாய். அந்தக் காசுக்கு நல்ல பக்கற்றும் ஒட்டுகிற இயந்திரமும் வாங்கலாம். அதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன், காற்றுப் புகுந்து நமுத்துப்போன கச்சானை எந்த வசனமும் காப்பாற்றாது. இன்னொரு விஷயம்: வாடிக்கையாளரின் பெயர், முகவரி, போன் எண் உள்ள ஓடர் பட்டியலை ஏஐக்குள் ஒட்டிக் "கணக்குப் பார்த்துத் தா" என்று கேட்காதீர்கள். 2022இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க என்றே நாட்டில் ஒரு சட்டம் நிறைவேற்றியிருக்கிறார்கள். சட்டத்தை விடுங்கள், நம்பித் தந்த எண்ணை வேறு இடத்தில் கொட்டுவது முறையில்லை.

ஆகவே யார் எதை எடுப்பது? தமிழ் வாடிக்கையாளர் மட்டும்தான், வாரத்துக்கு ஒரு பதிவு போதும், எழுதவும் கூச்சமில்லை என்றால் தானே எழுதுங்கள். பிழை இருந்தாலும் எழுதுங்கள். ஊரில் நல்லாக எழுதுகிற ஒரு பிள்ளை இருந்தால், வீட்டுக்குக் கூப்பிட்டு வறுப்பதைக் காட்டி, காசு கொடுத்து எழுதுவியுங்கள். அது அந்தப் பிள்ளைக்கும் ஒரு தொழில். விலை, எடை, அனுப்புகிற நாள், பணம் செலுத்தும் முறை போன்ற அறிவிப்புகளை ஏஐயிடமே விடலாம், எண்களை மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சாமானைப் பற்றியும் செய்கிறவரைப் பற்றியும் பேசுகிற பதிவென்றால் பேச்சிலிருந்துதான் தொடங்க வேண்டும். பதிவு செய்யப் பத்து நிமிடம், திருத்த ஒரு அரை மணித்தியாலம். நாங்கள் ஒரே இருப்பில் ஒரு மாதத்துக்கான பேச்சைப் பிடித்துவிடுவோம்.

போடுவதற்கு முன்னர் ஒரு வேலை உண்டு. எழுதியதைச் செய்தவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவோம். போன கிழமை அல்வாவுக்கான பதிவை வாசித்தபோது "பாரம்பரிய முறையில்" என்று ஒரு சொல் நுழைந்திருந்தது. நான் கவனிக்கவில்லை. அம்மா பாகைக் கிண்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "அது ஆர் சொன்னது? நான் காஸ் அடுப்பிலதானே காச்சுறன்." அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, காஸ் அடுப்பில் சிறு தீயில் காய்ச்சியது என்று எழுதிப் போட்டோம்.